தரையிறங்கத் தெரிந்தவன்

நமது திருவனந்தபுரத்து விமான நிலையத்திற்கு வேறு எந்த ஊர் விமான நிலையத்திற்கும் எளிதில் வாய்க்காத ஒரு பெருமை உண்டு. பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், ஸ்ரீ பத்மநாப சுவாமி ஆறாட்டுக்கு எழுந்தருளும்போது, விமான ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரையை அடைகிறார். அந்தச் சில மணி நேரத்திற்கு விமானங்கள் வருவதுமில்லை, போவதுமில்லை. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் ஊர்தி, கால்நடையாகச் செல்லும் ஊர்வலத்திற்கு வழிவிட்டுக் காத்திருக்கிறது. வேகத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஆண்டுக்கு இருமுறை கண்ணால் காணும் ஊரில் நாம் குடியிருக்கிறோம். கண்டும் அதை மனத்தில் வாங்கிக்கொண்டோமா என்பது வேறு விஷயம்.

அந்த ஓடுபாதைக்கு 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் இரவு, அழையாத விருந்தாளி ஒருவர் வந்து சேர்ந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரபிக் கடலில் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ஸிலிருந்து கிளம்பிய எஃப்-35பி என்னும் போர் விமானம் அது. வானிலை கெட்டிருந்தது, எரிபொருள் குறைந்தது, கப்பலுக்குத் திரும்ப இயலவில்லை. அவசர காலத்தில் இறங்குவதற்கென்று முன்னரே குறித்து வைத்திருந்த இடம் நமது ஊர். எனவே விமானி இங்கே இறங்கினார். இறங்கிய பின்னர் இயந்திர அமைப்பில் கோளாறு இருப்பது தெரிய வந்தது. கப்பலிலிருந்து ஆட்கள் வந்தனர். பிறகு இங்கிலாந்திலிருந்து வல்லுநர் குழுவே வந்தது. ஜூலை 22-ஆம் நாள்தான் விமானம் மீண்டும் எழும்பியது. 38 நாட்கள் அது நமது ஊர் விருந்தாளியாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கேரள அரசின் சுற்றுலாத் துறையே அதை வைத்து ஒரு வேடிக்கை விளம்பரம் வெளியிட்டது. சாலைக் கடைத்தெருவில், “ஏத்தங்காய் வறுவலின் ருசி கண்டுவிட்டது, இனிப் போகாது” என்றார்கள். கரமனையில், “ஆதார் அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறதாம்” என்றார்கள். நாமும் சிரித்தோம். உலகத்திலேயே விலை உயர்ந்த போர் விமானங்களுள் ஒன்று, மழையில் நனைந்த மாடு போல ஒரு மூலையில் நிற்பதைக் கண்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்தச் சிரிப்பை ஒரு சிறுவன் நிறுத்தினான்.

அவனுடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகச் சாலையில் வாணிகம் செய்யும் குடும்பம். நமது சங்கத்தில் பழைய உறுப்பினர். பையனைப் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கென்று தொலைவிலுள்ள ஊர் ஒன்றில், பெயர் பெற்ற பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்த்திருந்தார்கள். எட்டாம் மாதம் அவன் திரும்பி வந்துவிட்டான். உடம்பு பாதியாகியிருந்தது. இரவில் உறக்கமில்லை. ஒரு திருமண வீட்டுப் பந்தியில் அவனுடைய தந்தையாரிடம், “என்ன அண்ணாச்சி, பையன் பாதியிலேயே திரும்பிவிட்டானாமே!” என்று கேட்டவர்கள் பலர். அந்தப் பலரில் நாமும் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். தீய எண்ணத்தால் கேட்கவில்லை. ஆனால் அதன் பின்னர் இரண்டு மாதம் அவர் சங்கக் கூட்டத்திற்கு வரவில்லை.

ஜூன் மாதக் கடைசியில், மழை விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், சங்குமுகம் சாலையில் அந்தப் பையனைக் கண்டோம். விமான நிலையத்து மதில் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். நாம் விமானத்தைப் பற்றி வழக்கமான வேடிக்கையைச் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. “மாமா, அன்றைக்கு ராத்திரி அவர் இங்கே இறங்காமல், கப்பலுக்குத்தான் போவேன் என்று போயிருந்தால், அதை எல்லோரும் வீரம் என்று சொல்லியிருப்பார்களா?” என்று கேட்டான்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பழைய கடற்படை விமானங்களின் கதைகளைத் தேடிப் படிக்கலானோம். அந்தப் படிப்பின் பயனே இம்மாதக் கட்டுரை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடை, நமது வீடுகள் அனைத்துக்கும் சொல்ல வேண்டிய விடையாகவே நமக்குப் படுகிறது.

கடற்படைப் போர் விமானம் என்பது மற்றப் போர் விமானங்களைப் போன்றதன்று. தரையிலுள்ள ஓடுபாதை அசையாது. கப்பலின் மேல்தளமோ ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். நீளமும் மிகக் குறைவு. ஆகையால் அந்த விமானத்திற்குச் சிறு தூரத்திலேயே எழும்பும் பேராற்றல் வேண்டும். விழுந்தாற்போல இறங்கினாலும் முறியாத கால்கள் வேண்டும். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிகளைப் பற்றி நிற்க வாலடியில் ஒரு கொக்கி வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு வழக்கமும் உண்டு. அக்காலத்தில் கப்பலின் தளத்தில் ஒருவர் இரு கைகளிலும் மட்டை போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு நின்று, இறங்க வரும் விமானிக்குச் சைகை காட்டுவார். “வருகை சரியில்லை, இறங்காதே, மறுபடியும் சுற்றி வா” என்று அவர் சைகை காட்டிவிட்டால், விமானி கீழ்ப்படிந்தே ஆகவேண்டும். அதில் வாதமில்லை, வெட்கமுமில்லை. எத்தனை பதக்கம் அணிந்தவனாயினும் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். திரும்பிப் போவதைத் தோல்வியாக எண்ணாமல் கடமையாகவே எழுதி வைத்த தொழில் அது.

இந்த விமானங்களில் ஒருவகை நமது தமிழகத்து மண்ணையும் மிதித்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரிலும் சூலூரிலும் கொச்சியிலும், இலங்கையில் புத்தளம், திருகோணமலை முதலிய இடங்களிலும் விமான நிலையங்களை நடத்தியது. கோயம்புத்தூர் நிலையத்திற்குக் ‘கருடா’ என்றும், புத்தளத்து நிலையத்திற்கு ‘ராஜாளியா’ என்றும் பெயர். கருடா என்ற பெயரை இன்று கொச்சியிலுள்ள நமது கடற்படையின் விமானத்தளம் தாங்கி நிற்கிறது. புத்தளத்தில் சேற்றில் சிக்கும் விமானங்களை இழுக்க யானையைப் பழக்கி வைத்திருந்தார்கள். கடற்கொள்ளைக்காரன் எனப் பொருள்படும் ‘கோர்செயர்’ என்ற அமெரிக்க விமானமே அங்கு அதிகம். ஏறத்தாழ நான்கு மீட்டர் குறுக்களவுள்ள சுழல்விசிறி தரையில் இடிக்காமலிருப்பதற்காக, நாரையின் சிறகு போல வளைந்த இறக்கைகளை அதற்கு அமைத்திருந்தார்கள். மூக்கு மிக நீளம். இறங்கும்போது விமானிக்கு முன்னால் இருக்கும் கப்பலே தெரியாது. இதனால் அமெரிக்கக் கடற்படை முதலில் இதைக் கப்பலுக்கு ஆகாது என்று ஒதுக்கிக் கரையிலுள்ள தளங்களுக்கு அனுப்பிவிட்டது. பிரிட்டிஷ் விமானிகளோ நேராக வராமல் வளைந்து வந்து, கடைசிக் கணம்வரை கப்பலைக் கண்ணில் வைத்துக்கொண்டே இறங்கப் பழகினார்கள். 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து கிளம்பிய ‘இல்லஸ்ட்ரியஸ்’ என்ற கப்பலின் கோர்செயர்கள் சுமத்ரா அருகிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கித் திரும்பின. நேர்வழி தெரியாதபோது சுற்றுவழியே பாதுகாப்பான வழி என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

போர் முடிந்தது. நேற்றுவரை நாட்டைக் காத்த விமானங்கள் இன்று இரும்புக் கடைச் சரக்காயின. வாங்குவாரற்றவை உருக்கப்பட்டன, சில கடலில் தள்ளப்பட்டன. அமெரிக்காவில் மட்டும், கையில் சிறிது பணமும் நெஞ்சில் மிகுந்த ஆசையும் உடைய பழைய விமானிகள் சிலர் அவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கிப் பந்தயத்தில் இறக்கினார்கள். கடற்படை விமானங்களின் பேராற்றலும் கட்டுறுதியும் பந்தயத்திற்கு வெகு பொருத்தமாக அமைந்துவிட்டன. ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லந்து நகரில் நடந்த தாம்சன் கோப்பைப் பந்தயம் அவற்றுள் தலையாயது.

அப்பந்தயத்தில் 1947-ஆம் ஆண்டு வென்றவர் குக் கிளீலண்ட் என்ற முன்னாள் கடற்படை விமானி. அவர் ஓட்டியது கோர்செயரின் பெரிய தம்பி. 28 உருளைகள் கொண்ட இராட்சத இயந்திரம் பூட்டியது. உலகில் பத்தே பத்துச் செய்யப்பட்டது. அதே பந்தயத்தில் அதே வகை விமானத்தை ஓட்டிய டோனி ஜனாஸோ என்பவர் தரையில் மோதி மாண்டார். இயந்திரத்தின் நச்சுப்புகை உள்ளே புகுந்து அவரை மயக்கியிருக்கலாம் என்று கருதினார்கள். அடுத்த ஆண்டு கிளீலண்டும் அவருடைய தோழர் டிக் பெக்கரும் இன்னும் வேகம் வேண்டுமென்று ஒரு புதுவகை எரிபொருளை ஊற்றிப் பார்த்தார்கள். இயந்திரம் அதைத் தாங்காமல் பின்வெடி வெடித்து, காற்றுப் புகும் பாகத்தைச் சிதறடித்தது. இருவரும் பந்தயத்தை விட்டு இறங்கினார்கள். இறங்கியதால் உயிரோடிருந்தார்கள். 1949-இல் கிளீலண்ட் மீண்டும் முதலிடம் பெற்றார்.

ஆனால் அந்த 1949-ஆம் ஆண்டுப் பந்தயத்தை உலகம் வேறு காரணத்திற்காக நினைவில் வைத்திருக்கிறது. உலகைச் சுற்றிப் பறந்து புகழ் பெற்ற பில் ஓடம் என்பவர் மஸ்டாங் என்ற விமானத்தில் கலந்துகொண்டார். அது கடற்படை விமானமன்று, தரைப்படையினது. நெடுந்தூரம் பறப்பதில் அவர் தேர்ந்தவர். கம்பங்களைச் சுற்றி வளையும் இவ்வகைப் பந்தயத்தில் பழக்கம் குறைந்தவர். இரண்டாம் சுற்றில் விமானம் கட்டுக்கடங்காமல் புரண்டு, பெரியா என்ற சிற்றூரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஓடம் இறந்தார். அந்த வீட்டிலிருந்த ஓர் இளந்தாயும் அவளுடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். பரிசுக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? ஒருவனுடைய ஓட்டத்திற்கு அவன் மட்டுமே விலை கொடுப்பதில்லை என்ற பாடத்தைக் கிளீவ்லந்து கண்ணீரோடு கற்றது. போர் விமானப் பந்தயம் அந்நகரில் அத்துடன் நின்றது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1964-இல், நெவாடா மாகாணத்து ரீனோ நகரின் பாலைவெளியில் பந்தயம் மறுபிறவி எடுத்தது. அதை முன்னின்று தொடங்கியவர் பில் ஸ்டெட் என்ற பண்ணைக்காரர். இரண்டே ஆண்டில், 1966-இல், ஃபுளோரிடாவில் ஒரு சிறு பந்தய விமானத்தில் பயிற்சி செய்யும்போது அவரும் விபத்தில் மாண்டார். பந்தயம் மட்டும் நிற்கவில்லை. ‘பேர்கேட்’ என்ற கடற்படை விமானமும், கடற்சீற்றம் எனப் பொருள்படும் ‘சீ ஃபியூரி’ என்ற பிரிட்டிஷ் விமானமும், கோர்செயரும் அங்கே ஆண்டுதோறும் மோதின. பேர்கேட் 1944 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது. களத்திற்கு வந்து சேருமுன் போரே முடிந்துவிட்டது. அந்தப் போரில் ஒரு குண்டும் போடாத விமானம் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றது. சீ ஃபியூரியின் உடன்பிறப்புகள் சில ஈராக்கில் கிடந்து, 1979-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டுப் புத்துயிர் பெற்றன.

இப்பந்தயம் எப்படி நடக்கிறது என்று அறிந்தால்தான் ஆபத்து விளங்கும். தரையில் நட்ட கம்பங்களே எல்லை. அவற்றைச் சுற்றி, தென்னைமர உயரத்திற்குச் சற்று மேலே, இடப்பக்கமாகவே வளைந்து வளைந்து பல சுற்றுப் பறக்க வேண்டும். வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும். வேகத்திற்காக இறக்கை நுனியை அறுத்துக் குறைப்பார்கள். விமானி அமரும் கண்ணாடிக் கூண்டைத் தலை நுழையும் அளவுக்குச் சுருக்குவார்கள். போர்க்காலத்தில், உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் சில நிமிடம் மட்டும் பயன்படுத்தலாம் என்று வரையறுத்த முழு ஆற்றலையும், அதற்கு மேலும், பந்தயம் முடியும்வரை பிழிந்தெடுப்பார்கள். இயந்திரம் வெந்துபோகாதிருக்கத் தண்ணீரும் சாராயக் கலவையும் உள்ளே பாய்ச்சுவார்கள். ஓர் எருதை மூன்று எருதின் பாரத்தில் பூட்டி, அது விழுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிடும் வண்டிக்காரனைப் போலத்தான்!

இங்கேயும் ஓர் அருமையான விதி உண்டு. இயந்திரத்தில் கோளாறு கண்டால் விமானி ‘மேடே’ என்ற அபாயக் குரல் கொடுத்து, உடனே விமானத்தின் மூக்கை மேலே தூக்கவேண்டும். மற்றவர்கள் கீழேயே இருந்து அவனுக்கு வானத்தை விட்டுக்கொடுப்பார்கள். அவன் தன் வேகத்தையெல்லாம் உயரமாக மாற்றிக்கொள்கிறான். அந்த உயரம்தான் அவனுக்குக் காலம். சுற்றிப் பார்த்து, ஓடுபாதையைத் தேர்ந்து, இயந்திரமின்றியே மிதந்து இறங்கும் காலம். அதாவது, பந்தயத்தில் பெற்ற வேகம் வீணன்று. விட்டுவிட வேண்டிய நேரத்தில் விட்டவனுக்கு அதுவே கைகொடுத்துக் கரை சேர்க்கிறது. கடைசிச் சுற்றையும் முடித்துவிடலாம் என்று தாழவே பறந்தவனுக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை.

டாரில் கிரீனமயர் என்ற பேர்கேட் விமானி 1964-ஆம் ஆண்டு முதற்பந்தயத்தில் வேகத்தில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் பந்தயத் திடலின் குட்டையான மண் ஓடுபாதையில் தமது விமானத்தை இறக்குவது தகாது என்று கருதி, ரீனோ நகரத்து விமான நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். விதியை மீறினார் என்று அவரைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அவர் கலங்கவில்லை. மறு ஆண்டு முதல் தொடர்ந்து ஐந்து ஆண்டு அவரே வெற்றி பெற்றார். 1969 ஆகஸ்டு 16-ஆம் நாள் அதே விமானத்தில் மணிக்கு 777 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, ஒரு ஜெர்மானியர் 1939-இல் நிறுவி முப்பது ஆண்டு அசையாதிருந்த சாதனையை முறியடித்தார். அன்று மண்பாதையில் இறக்கி முறித்திருந்தால் இந்தச் சாதனை ஏது? அந்த விமானம் இன்று அமெரிக்க அரசின் வான்பயண அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் 1989-இல் லைல் ஷெல்டன் என்பவர் ‘ரேர் பேர்’ என்ற இன்னொரு பேர்கேட்டில் அச்சாதனையையும் கடந்து 850 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். சிதைந்து கிடந்ததை வாங்கிப் பழுது பார்த்த விமானம் அது என்பதையும் குறிப்பிட வேண்டும். பாதியில் வீழ்ந்தது பயனற்றது என்று யார் சொன்னது?

1985-ஆம் ஆண்டு ரீனோவில் வென்ற ‘சூப்பர் கோர்செயர்’ என்ற விமானத்திற்கு, 1994-இல் அரிசோனா மாகாணத்துப் ஃபீனிக்ஸ் பந்தயத்தில் தீப்பிடித்தது. கெவின் எல்ட்ரிட்ஜ் என்ற விமானி மேலே எழும்பி, குடைவிரித்துக் குதித்தார். எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. விமானம் போயிற்று. எத்தனையோ பேர் உழைத்துச் செய்த விமானமாயிற்றே என்று அவர் உள்ளேயே அமர்ந்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

எல்லோருக்கும் அப்படிக் காலம் கிடைப்பதில்லை. 2011 செப்டம்பர் 16-ஆம் நாள் ரீனோவில் ஒரு மஸ்டாங் விமானம் பார்வையாளர் வரிசையருகே விழுந்து, விமானியும் பார்க்க வந்தவர் பத்துப் பேரும் மாண்டனர். 60-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஆராய்ந்து பார்த்தபோது, வாலிலுள்ள ஒரு சிறு தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகள் தளர்ந்திருந்தன. இறுக்கிப் பிடிக்க வேண்டிய நட்டுகள் தேய்ந்து பழசானவை. வேகத்திற்காக விமானத்தில் எத்தனையோ மாற்றங்கள் செய்திருந்தார்கள். ஆனால் அவற்றை உரிய முறையில் சோதித்துப் பார்க்கவில்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். பின்னர் 2023 செப்டம்பரில், ரீனோ பந்தயத்தின் கடைசி ஆண்டின் கடைசி நாளில், பழைய பயிற்சி விமானங்களில் பந்தயத்தை முடித்துவிட்டு இறங்க வந்த இருவர் வானில் மோதி மாண்டனர். பந்தயம் முடிந்தது; பயணம் முடியவில்லை. இறங்கி நின்ற பிறகே வெற்றி வெற்றியாகிறது.

இவையெல்லாம் அமெரிக்கக் கதைகள். நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். விமானப் பந்தயத்தின் துன்பமும் பெருமையும் நமது நாட்டிலும் உண்டு. 1934-ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்கு நடந்த பெரும் பந்தயத்தில் ஜிம் மாலிசன், ஏமி மாலிசன் என்ற புகழ்பெற்ற தம்பதியர் முன்னணியில் இருந்தார்கள். கராச்சியிலிருந்து அலகாபாத்துக்கு வரும் வழியில் திசை தவறி, எரிபொருள் குறைந்து, ஜபல்பூரில் இறங்கினார்கள். விமானத்திற்குரிய உயர்ந்த எரிபொருள் அங்கே இல்லை. மோட்டார் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலை வாங்கி ஊற்றிக்கொண்டு விரைந்தார்கள். இயந்திரங்கள் பாழாயின. அலகாபாத்தோடு அவர்களுடைய பந்தயம் முடிந்தது. அவசரத்தில் கிடைத்ததை உட்கொண்டு ஓடும் உடம்புக்கும் இதே கதிதான்.

அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1929-இல், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்தார். ஒரு மாதத்திற்குள் முடிக்கவேண்டும் என்பது விதி. மன்மோகன் சிங் கராச்சியை முதலில் அடைந்தும், கால வரம்பு கடந்துவிட்டமையால் பரிசை இழந்தார். எஞ்சியவர் இருவர்: இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதின்பருவ இளைஞர், கராச்சியிலிருந்து சென்ற ஜே. ஆர். டி. டாட்டா. எகிப்து நாட்டு அபுகிர் என்ற இடத்தில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி தமது விமானத்திற்கு வேண்டிய தீப்பொறி பிளக் இல்லாமல் தவித்து நிற்பதைக் கண்டார். போட்டியாளன் தவிக்கிறான், நாம் பறந்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. தம்மிடமிருந்த உபரிப் பிளக்கைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. அந்த ஆஸ்பியே 1960-இல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். தோற்ற டாட்டாவோ 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி, நமது நாட்டு விமானப் போக்குவரத்துக்கே கால்கோள் செய்தார். கர்னல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் உருவான நமது திருவனந்தபுரத்து நிலையத்திற்கு 1935-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து வந்ததும் அந்த டாட்டா நிறுவனத்து விமானமே. அன்று அபுகிரில் பரிசை விட்டவர் தொடங்கிய நிறுவனம்தான் நமது ஊருக்கு வான்வழியைத் திறந்தது.

நாம் ஊர் விட்டு வந்த குடும்பங்கள். முன்னேற வேண்டும் என்றுதான் நம் பாட்டன்மார் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வந்தார்கள். ஆகவே நம் பிள்ளைகள் விரைந்து பறக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுவதில் குற்றமில்லை. பந்தயமே கூடாது என்று நாம் சொல்லவுமில்லை. கிரீனமயரும் ஷெல்டனும் பந்தயத்தில்தான் பேர் பெற்றார்கள். ஆனால் கடற்படை தன் விமானிக்குக் கொடுத்த ஒன்றை நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவசரத்திற்கு இறங்குவதற்கென்று முன்கூட்டியே குறித்து வைத்த ஓர் இடம்! அந்த இடம் நமது வீடாக அன்றி வேறு எதுவாக இருக்க முடியும்? புறப்படும்போதே, “இயலவில்லை என்றால் இங்கே வந்து இறங்கு, ஓடுபாதையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்” என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் நம்மில் எத்தனை பேர்? “போனால் ஜெயித்துக்கொண்டுதான் வரவேண்டும்” என்று சொல்லி அனுப்புவோரே அதிகம். அதோடு, திரும்பி வந்தவனைக் கண்டு பந்தியில் கேள்வி கேட்கும் நாம், விளக்கை அணைத்து வைப்பவர்கள் அல்லவா?

2025 டிசம்பர் 3-ஆம் நாள், சங்குமுகம் கடற்கரையில் நமது கடற்படையின் நாள் கொண்டாட்டம் நடந்தது. கப்பல்களையும் விமானங்களையும் காணக் கூடிய பெருங்கூட்டத்தில் அந்தத் தந்தையும் மகனும் மணலில் அமர்ந்திருக்கக் கண்டோம். பையன் இவ்வூரிலேயே ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். போர் விமானம் ஒன்று தலைக்கு மேலே இடியோசையுடன் சென்றபோது, அவன் எழுந்து நின்று பார்த்தான். நாம் அருகே சென்று, அன்று கேட்ட கேள்விக்கு விடையாக, “அது வீரமாக இருந்திராது, தம்பி. இறங்கினாரே, அதுதான் தொழில் தெரிந்தவர் செய்த காரியம்” என்றோம். பிறகு தந்தையாரிடம், திருமண வீட்டில் கேட்டதற்காக மன்னிப்புக் கேட்டோம்.

அவர் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அதெல்லாம் போகட்டும். இப்போது ராத்திரியில் நன்றாக உறங்குகிறான். அது போதும்” என்றார். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருவதாகவும் சொன்னார்.

அவர் வரும்போது பையனைப் பற்றி அன்பர்கள் கேட்க விரும்பினால், அவன் இப்போது என்ன படிக்கிறான் என்று கேளுங்கள். ஏன் திரும்பினான் என்று கேளாதீர்கள். இதுவே இம்மாதம் நமது வேண்டுகோள்.